கடுவனா, பெட்டையா?

நாய்க்குட்டிக்கு வீடு தேடிப் போனா வாகரைப் பக்கம் முதல்ல வாற கேள்வி இதுதான். பெட்டை குட்டி போடும், வேண்டாம் என்பார்கள். அப்படி வீசுப்பட்டவைதான் தெருநாய்களாகின்றன. தெருநாய்க்கு இந்த நாட்டில் ஒரு வரலாறு இருக்கு.

1893 ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம், ஆளில்லாத நாயைக் கொல்ல இடம் கொடுத்தது. கொல்வதை விட்டுக் கருத்தடை செய்யும் கொள்கை 2006 இல் வந்தது. அதே ஆண்டுதான் வாகரைச் சனம் ஷெல்லடிக்குள் அகப்பட்டது. நவம்பர் 8 அன்று கதிரவெளிப் பள்ளிக்கூடத்தில் தஞ்சமடைந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 2007 ஜனவரிக்குள் ஊர்கள் வெறிச்சோடின. அதற்கு இரண்டு வருசம் முந்தித்தான் சுனாமி. நிவாரண அட்டையில் நாய்க்கு இடமில்லை. வளவில் ஆளில்லாமப் போனா வளவு நாயும் தெருநாய்தானே?

அதனால "நாயில விருப்பமா" என்று மட்டும் நாங்கள் கேட்பதில்லை. குடும்பம் வெளிநாடு போனா யார் சோறு வைப்பது? வேலி இருக்கா? விசர் ஊசி போடுவீங்களா? பெட்டைக்குக் கருத்தடை செய்யச் சம்மதமா? மறுகா ஒரு மாதம் கழிச்சு நாங்க வந்து பார்க்கலாமா?

இதுக்கெல்லாம் ஓமெண்டு சொல்ற வீட்டுக்குப் பெட்டைக்குட்டியையும் துணிஞ்சு குடுக்கலாம்.