விளையாட்டோடு சேர்ந்து வரும் விருந்தாளி: 50 வருடக் கதை

 

ஸ்கூல் லீவு விட்டால் பிள்ளைகளுக்குள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "அந்த கேம் உன்னட்ட இருக்கா? பென்னில போட்டுத் தாடா." பெரியவர்கள் இதைக் காதில் வாங்குவதில்லை. ஆனால் கணனி வைரஸின் வரலாற்றைத் தேடிப் போனால், அது இந்தக் கேள்வியில்தான் போய் நிற்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

1975. அமெரிக்காவில் ஜோன் வோக்கர் என்ற புரோகிராமர் 'அனிமல்' என்றொரு விளையாட்டை எழுதியிருந்தார். நீங்கள் மனதில் ஒரு மிருகத்தை நினைக்க வேண்டும். கணனி கேள்வி கேட்டுக் கேட்டு அது என்னவென்று கண்டுபிடிக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்தக் காலத்தின் பெரிய யுனிவெக் கணனிகளில் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் அது பிடித்துப் போனது. "எனக்கும் ஒரு கொப்பி" என்று கேட்டபடியே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் காந்த நாடாவில் பதிந்து தபாலில் அனுப்பி அவர் களைத்துப் போனார். அதனால் விளையாட்டுக்குள் இன்னொரு சின்ன புரோகிராமைச் சேர்த்தார். நீங்கள் விளையாடிக் கொண்டிருக்கும்போது, உங்களுக்கு அனுமதியுள்ள இடங்களில் எல்லாம் அது விளையாட்டின் கொப்பியைத் தானாகவே வைத்துவிடும். நாடாக்கள் கைமாறக் கைமாற அது மற்ற நிறுவனங்களின் கணனிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

அது யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஆனால் ஒரு வழியைக் காட்டிவிட்டது: முன்னால் விளையாட்டு, பின்னால் உங்களுக்குத் தெரியாத வேலை.

1982. பென்சில்வேனியாவில் ரிச் ஸ்க்ரென்டா என்ற 15 வயது மாணவன். நண்பர்களுக்குக் கொடுக்கும் கேம் டிஸ்க்குகளில் ஏதாவது குறும்பு செய்து வைப்பது அவன் பழக்கம். நாளடைவில் நண்பர்கள் அவனிடம் டிஸ்க் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். கையால் தொடாமலே டிஸ்க்கை மாற்ற என்ன வழி என்று யோசித்தவன், ஆப்பிள் 2 கணனிக்காக 'எல்க் குளோனர்' என்ற வைரஸை எழுதினான். அதுவும் ஒரு கேம் டிஸ்க்கில்தான் புறப்பட்டது. 50ஆவது தடவை இயக்கும்போது திரையில் ஒரு குறும்புக் கவிதை வரும். அந்தக் கணனியில் அடுத்துப் போடும் டிஸ்க்கிலும் வைரஸ் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. டிஸ்க்கைக் கொடுத்தவன் நண்பன். அவனுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அவனும் இன்னொரு நண்பனிடம் வாங்கியவன்தான். "தெரிந்தவன் தந்தது" என்ற நம்பிக்கை அன்றே பொய்த்துவிட்டது.

1986. இம்முறை நமது பிராந்தியம். பாகிஸ்தானின் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற இரு சகோதரர்கள் மருத்துவ மென்பொருள் ஒன்றைச் செய்து விற்றார்கள். அதை ஆட்கள் திருட்டுக் கொப்பி எடுப்பதைத் தடுக்க 'பிரெய்ன்' என்ற வைரஸை எழுதியதாகச் சொன்னார்கள். ஐ.பி.எம். வகைக் கணனிகளைத் தாக்கிய முதல் வைரஸ் என்று அதைத்தான் சொல்வார்கள். அதற்குள் தங்கள் பெயரையும் கடை முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் கூட எழுதி வைத்திருந்தார்கள்! கடைசியில் பிரித்தானியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் அழைப்புகள் வந்து குவிந்தன.

இதுவரை தற்செயல், குறும்பு, எச்சரிக்கை. பிறகு காசு உள்ளே வந்தது.

1989இல் எயிட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று சொல்லி சுமார் 20,000 டிஸ்க்குகள் தபாலில் அனுப்பப்பட்டன. கணனியை 90 தடவை இயக்கிய பிறகு கோப்புகளை மறைத்துவிட்டு, பனாமாவிலுள்ள ஒரு தபால் பெட்டிக்கு 189 டொலர் அனுப்பச் சொன்னது. இன்று 'ரேன்சம்வெயார்' என்கிறோமே, பணயம் வைத்துக் காசு பறிப்பது, அதன் தொடக்கம் இதுதான்.

2015இல் வந்த 'டெஸ்லாகிரிப்ட்' அதே வேலையை கேம் விளையாடுபவர்களைக் குறிவைத்துச் செய்தது. கோல் ஒஃப் டியூட்டி, மைன்கிராஃப்ட் போன்றவற்றில் பிள்ளைகள் சேமித்து வைத்த ஆட்டங்களைத் தேடிப் பூட்டியது. அதோடு சேர்த்து அந்தக் கணனியிலிருந்த புகைப்படங்களும் ஆவணங்களும் பூட்டுப்பட்டன.

அடுத்தது பணம் கேட்கவே இல்லை. 2021இல் அவாஸ்ட் நிறுவனம் 'கிரக்கொனோஷ்' என்ற ஒன்றைப் பற்றி அறிவித்தது. ஜீ.டி.ஏ. 5, என்.பி.ஏ. 2கே19, ஃபார் கிரை 5 போன்ற கேம்களின் 'கிராக்' செய்த இலவசக் கொப்பிகளில் 2018 முதல் அது ஒளிந்திருந்தது. 222,000இற்கும் அதிகமான கணனிகளில் புகுந்து, விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி, அன்டிவைரஸை அழித்து, சத்தமில்லாமல் மொனேரோ என்ற டிஜிட்டல் நாணயத்தை உருவாக்கியது. அதை விட்டவர்களுக்குக் கிடைத்தது 20 இலட்சம் டொலருக்கும் மேல். மின்சாரக் கட்டணம் மட்டும் வீட்டுக்காரருக்கு! வீட்டில் லெப்டொப் ஒரு வேலையும் செய்யாத நேரத்திலும் சூடாகி இரைந்து கொண்டிருந்தால், தூசி என்று மட்டும் நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

கொரோனாக் காலத்து ஒன்லைன் வகுப்புகளுக்காகப் பல வீடுகளுக்கு முதல் லெப்டொப் வந்தது. கத்தாரிலும் சவூதியிலும் வாப்பா உழைத்து அனுப்பியது சில வீட்டில், உம்மா சீட்டுப் பிடித்து வாங்கியது சில வீட்டில். பிறகு 2022இல் 200 ரூபாயாக இருந்த டொலர் 360 வரை போனது. டொலரில் விற்கும் கேம் நமது பிள்ளைக்கு எட்டாக்கனி. அவன் கிராக் தேடிப் போவது கெட்ட பிள்ளை என்பதால் அல்ல. ஆனால் அதே லெப்டொப்பில்தான் உம்மாவின் பேங்க் கணக்கும், தாத்தாவின் கெம்பஸ் அசைன்மென்டும், குடும்பத்துப் பெண்களின் புகைப்படங்களும் இருக்கின்றன. இலவச கேமுக்குப் பணயம் வைக்கப்படுவது இவை.

கிராக் கேமோடு வரும் குறிப்பை வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் முதல் வரியே "அன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டோல் செய்யவும்" என்றிருக்கும். காவலாளியை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறக்கச் சொல்கிறார்கள். வேறு எந்த மென்பொருளுக்கும் இதைச் செய்ய யோசிக்கும் பிள்ளை, கேமுக்காக உடனே செய்துவிடுவான். 50 வருடமாக வைரஸ் விளையாட்டின் முதுகில் ஏறி வருவதற்குக் காரணம் இதுதான்.

செய்யக் கூடியவை:

1. கேமைச் செய்த நிறுவனத்தின் சொந்தத் தளம், ஸ்டீம், எபிக், மைக்ரோசொஃப்ட் ஸ்டோர், போனுக்கு பிளே ஸ்டோர். இவற்றுக்கு வெளியே போக வேண்டாம். எபிக் கடையில் விலையுள்ள கேம்களையே அவ்வப்போது இலவசமாகத் தருகிறார்கள். சூப்பர்டக்ஸ்கார்ட், 0 ஏ.டி. போன்றவை முற்றிலும் இலவசம், சட்டப்படியும் சரி.

2. கடையும் நூறு வீதம் பாதுகாப்பல்ல. 2023இல் மைன்கிராஃப்ட் மொட்கள் கிடைக்கும் பிரபலமான தளத்திலேயே திருட்டு நிரல் கலந்திருந்தது. 2025 பெப்ரவரியில் ஸ்டீம் கடையிலிருந்தே 'பைரேட்ஃபை' என்ற கேமை நீக்கினார்கள். ஆகவே முன்பின் தெரியாத புத்தம் புது கேமை முதல் நாளே இறக்க வேண்டாம்.

3. பிள்ளைக்குத் தனி யூசர் கணக்கு, அட்மின் அதிகாரம் இல்லாமல். பல மென்பொருட்களை இன்ஸ்டோல் செய்ய வேண்டுமென்றால் பெரியவரின் பாஸ்வேர்ட் கேட்கும். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

4. முக்கிய ஆவணங்கள், புகைப்படங்களின் கொப்பி ஒன்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கழற்றி வையுங்கள். செருகியபடியே இருந்தால் அதுவும் பூட்டுப்படும்.

5. சந்தேகம் வந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். பிறகு வேறொரு கணனியிலோ போனிலோ பாஸ்வேர்ட்களை மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. வகுப்பில் பிள்ளைகளிடம் கதைக்கும்போது எனக்கு விளங்கிய விஷயம், அவர்கள் வைரஸுக்குப் பயப்படுவதில்லை. வாப்பாவின் ஏச்சுக்குத்தான் பயப்படுகிறார்கள். கணனி ஒரு மாதிரி நடந்துகொள்ளத் தொடங்கியதும் பிள்ளை அதை மூடி வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பான். திருடனுக்கு வேண்டியது அந்த அவகாசம்தான். முதல் மணித்தியாலத்தில் தெரிந்தால் பாஸ்வேர்ட்டை மாற்றலாம், பேங்கிற்கு அறிவிக்கலாம். மூன்று கிழமை கழித்துத் தெரிந்தால் செய்ய ஒன்றுமிருக்காது.

அதனால் இன்றிரவு சாப்பாட்டில் பிள்ளையிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: "ஏதாவது பிழையாய்ப் போனா உடனே வந்து சொல்லு மகன், ஏச மாட்டன்." சொன்னால் அதைக் காப்பாற்றவும் வேண்டும்.