நீக்கமும் அழிவும்: கணினிக் கோப்பு மீட்பின் வரலாறு

நடுகற்கள் மிகுந்த தருமபுரி மாவட்டத்தில், ஏரியூர் போன்ற ஊர்களில் திரட்டப்படும் கள ஆய்வுப் படங்களும் கல்வெட்டுப் படிகளும் இன்று தனியாள் கணினிகளிலேயே தங்கியுள்ளன. தவறுதலாக நீக்கப்பட்ட கோப்பு மீளுமா என்னும் வினாவுக்குரிய விடை காலந்தோறும் மாறி வந்துள்ளதை இக்கட்டுரை விளக்குகிறது.

1981இல் ஐ.பி.எம். தனியாள் கணினியுடன் வந்த டாஸ் இயங்குதளம், கோப்பை நீக்கும்போது உள்ளடக்கத்தை அழிக்கவில்லை. கோப்புப் பட்டியலில் பெயரின் முதலெழுத்தை வேறு குறியாக மாற்றி, அக்கோப்பு இருந்த இடத்தைக் காலியிடமாகக் குறித்தது. நூலின் பொருளடக்கத்தில் ஒரு வரியை அடித்துவிட்டு, பக்கங்களை அப்படியே விட்டதற்கு இஃது ஒப்பாகும். இவ்வியல்பைக் கொண்டு பீட்டர் நார்ட்டன் 1982இல் மீட்பு மென்பொருளை வெளியிட்டார். 1991இல் எம்.எஸ். டாஸ் 5.0 மீட்புக் கட்டளையைத் தன்னகத்தே கொண்டது. 1995இல் விண்டோஸ் 95 மறுசுழற்சித் தொட்டியை அளித்தது. தொட்டியையும் காலிசெய்தபின், அவ்விடத்தில் புதிய தரவு எழுதப்படாத வரையே மீட்பு இயன்றது. கோப்பு நீங்கியவுடன் கணினியைப் பயன்படுத்துவதை நிறுத்துக என்னும் அறிவுரை இதனால் எழுந்தது.

2009இல் வெளிவந்த விண்டோஸ் 7, நீக்கப்பட்ட இடங்களை எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்துக்கு அறிவிக்கும் டிரிம் கட்டளையை ஏற்றது. சேமிப்பகம் அவ்விடங்களைத் தானே துடைத்துவிடுவதால், நீக்கம் பெரும்பாலும் அழிவாகவே முடிகிறது.

வளையாபதியின் முழுச்சுவடி கிடைக்கவில்லை. புறத்திரட்டு முதலியவற்றில் இடம்பெற்ற செய்யுள்களே எஞ்சின. ஆய்வுத் தரவுக்கும் வேறிடத்தில் வைக்கப்படும் படியே காப்பாகும்.