ஐடா டார்பெல்லும் எண்ணெய் வரலாறும்

புலனாய்வு இதழியலின் முன்னோடியருள் ஒருவரான ஐடா டார்பெல் (1857-1944) அமெரிக்காவின் பென்சில்வேனியா எண்ணெய் வயல்களிடையே வளர்ந்தவர். 1872இல் அங்கிருந்த இருப்புப்பாதை நிறுவனங்கள், ராக்பெல்லர் உள்ளிட்ட சில சுத்திகரிப்பாளர்களுடன் கமுக்கமாக உடன்பாடு செய்தன. அவர்களுக்குக் கட்டணக் கழிவு தருவதோடு, போட்டியாளர் செலுத்தும் கட்டணத்திலும் ஒரு பங்கை அவர்களுக்கே அளிப்பது திட்டம். அதனை எதிர்த்த சிறு உற்பத்தியாளருள் டார்பெல்லின் தந்தையும் ஒருவர். எனவே ஸ்டாண்டர்டு ஆயில் பற்றி எழுதப் புகுந்தபோது அவர் நடுநிலையாளர் அல்லர். எனினும் அவர் எழுத்தில் சினம் சான்றின் பின்னரே வருகிறது.

‘மெக்லூர்ஸ்’ இதழில் 1902 நவம்பர் முதல் 1904 வரை 19 பகுதிகளாக வந்த அத்தொடருக்கு ‘வரலாறு’ என்றே அவர் பெயரிட்டார். நீதிமன்ற வாக்குமூலங்களும் நாடாளுமன்ற விசாரணைப் பதிவுகளுமே அதன் முதன்மை மூலங்கள். நிறுவனத் தலைவர்களுள் ஒருவரான ஹென்றி ரோஜர்சையும் பலமுறை வினவினார். போட்டியாளரின் சரக்கு விவரங்களை இருப்புப்பாதை ஊழியர் வழி ஸ்டாண்டர்டு திரட்டுகிறது என்பதை ரோஜர்ஸ் மறுத்தார். அம்மறுப்பைப் பொய்யாக்கியவை எரிக்கப்படவிருந்த தாள்கள். எரிக்கும் பணியிலிருந்த சிறுவன் அவற்றில் தன் ஞாயிறு பள்ளி ஆசிரியரின் பெயரைக் கண்டான். அவ்வாசிரியரே போட்டிச் சுத்திகரிப்பாளர். அவர்வழி அத்தாள்கள் டார்பெல்லை அடைந்தன. அவை அச்சேறியபின் நிகழ்ந்த சந்திப்பே ரோஜர்சுடனான இறுதிச் சந்திப்பாயிற்று.

1905இல் ராக்பெல்லரைப் பற்றி அவர் தீட்டிய குணச்சித்திரத்தில் இவ்வடக்கம் இல்லை. முகத்தோற்றம் கொண்டு மனத்தை எடைபோடுவது ஆய்வாகாது.

1911இல் உச்சநீதிமன்றம் ஸ்டாண்டர்டு ஆயிலை 34 நிறுவனங்களாகப் பிரித்தமைக்கு இத்தொடரே காரணம் என்பது மிகைக்கூற்று. 1906இல் அரசு தொடுத்த அவ்வழக்கிற்கு மக்கள் மனத்தை அது ஆயத்தப்படுத்தியிருந்தது.