ஆடு தின்னாத இலை

வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துச் சீமைக்கருவேலத்தில் வீணாகப் போவது ஒன்றே ஒன்றுதான். பழுத்து உதிரும் நெற்றை ஆடுகள் தேடித் தின்னும். கட்டை அடுப்புக்கும் கரிமூட்டத்துக்கும் போகும். முள் வேலியாகும். இலையை மட்டும் ஆடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். வெட்டிப் போட்ட இடத்திலேயே அது காய்ந்து கொட்டும்.

அந்த இலை வந்த வழி நீளமானது. அமெரிக்கக் கண்டமும் கரீபியத் தீவுகளும் மரத்தின் பூர்வீகம். காமராஜர் காலத்தில் தூவிய விதை என்று திண்ணையில் சொல்வார்கள். அதற்கு வெகுமுன்பே, 1876இல், சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோம் விதை கேட்டு அரசுக்கு எழுதினார். மறு ஆண்டே கடப்பைச் சீமையின் கமலாபுரத்தில் அது மண்ணைத் தொட்டது. பிந்தைய பரவலில் ஆடுமாடுகளுக்கும் பங்குண்டு: நெற்றோடு விழுங்கிய விதை புழுக்கையிலும் சாணத்திலும் கிடந்து முளைத்தது. கண்மாய் உள்வாய், வரத்துக்கால், தரிசு என எதையும் அது விடவில்லை. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் சாதி இது.

அந்த இலைக்கு ஒரு வேலை கிடைத்த கதை வேறிடத்தில் தொடங்குகிறது. 2004இல், அமெரிக்காவின் தென் கரோலினாவில், புகைக்கரியைச் சுத்தம் செய்துகொண்டிருந்த வேதியியலாளர்கள் அதில் ஒளிரும் துகள்களைக் கண்டார்கள். பத்து நானோமீட்டருக்கும் குறைவான கார்பன் புள்ளிகள். தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் அடுக்கலாம். பிறகுதான் தெரிந்தது, கார்பன் உள்ள எந்தத் தழையிலிருந்தும் இவற்றை எடுக்கலாம் என்று. வழக்கமான முறை கிட்டத்தட்ட பிரஷர் குக்கர் சமையல்: தழையைத் தண்ணீரோடு இறுக மூடிய எஃகுக் கலனில் இட்டு, 180 டிகிரி அளவில் சில மணி நேரம் வேகவைத்து, வடிகட்டுவார்கள். பழுப்பு நீர் மிஞ்சும். அதன் மேல் புற ஊதா விளக்கைப் பிடித்தால் நீலமாக ஒளிரும்.

2019இல் ஈரானின் அஹ்வாஸ் நகர ஆய்வாளர்கள் பூரெஸாவும் கோமியும் சீமைக்கருவேல இலையிலிருந்தே இந்தப் புள்ளிகளை எடுத்தார்கள். பாதரசம் கலந்தால் வெளிச்சம் மங்கும். உடம்பில் சேர்ந்த கன உலோக நஞ்சை இறக்கத் தரும் கெமெட் மருந்தைச் சேர்த்தால், அது பாதரசத்தைப் பற்றி இழுத்துக்கொள்ள, வெளிச்சம் திரும்பும். நஞ்சையும் மருந்தையும் ஒரே விளக்கு காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். ஆய்வகக் கலனுக்குக் கைப்பிடி இலை போதும். கண்மாயை அடைத்த முள் இதனால் குறையாது. அதற்குத் தூரோடு பெயர்க்கும் பொக்லைன் வேண்டும், மழைக்குப் பின் முளைப்பதைப் பிடுங்கும் ஆள் வேண்டும். கட்டைக்கு விலைபேசக் கரி வியாபாரி என்றும் உண்டு. தண்ணீரில் நஞ்சு பார்க்கும் வேலைக்கு இலையை இப்போதுதான் கூப்பிட்டிருக்கிறார்கள்.