ஒரு பவுண் என்ன விலை?

எங்கட வீடுகளில் பெரியவர்கள் ஆண்டுகளைச் சொல்லிக் கதை தொடங்குவது குறைவு. “சின்னம்மாவின்ர கலியாணத்துக்குப் பவுண் என்ன விலை வித்தது தெரியுமோ?” என்றுதான் தொடங்குவார்கள். நாங்களும் பழங்கதை என்று தட்டிவிடுவோம். ஆனால் அதுவும் ஒருவகை விலைச் சுட்டெண்தான். அரசாங்கத்தின் சுட்டெண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது எங்கே விடுபட்டுப் போகிறது என்பது விளங்கும்.

முதலில் ‘பவுண்’ என்ற சொல். பிரித்தானியா 1817 முதல் வெளியிட்ட, ஒரு பவுண் பெறுமதியான தங்க நாணயம் 22 கரட், நிறை 7.98 கிராம். காலனி ஆட்சி போய்விட்டது. அந்த நிறை மட்டும் 8 கிராம் ஆகி எங்கட நகைக்கடைகளில் தங்கிவிட்டது. ஆக, பொன்னை நாங்கள் இன்றைக்கும் ஒரு காசின் பெயரால்தான் அளக்கிறோம்.

அரசாங்கக் கணக்கு வேறு. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 1952ஐ அடியாண்டாகக் கொண்டு வந்தது. 1949/50இல் கொழும்புத் தொழிலாளர் குடும்பங்களின் செலவை விசாரித்துக் கட்டிய கூடை அது. 2007 வரை, அரை நூற்றாண்டுக்கு மேல், அந்தக் கூடையை வைத்தே விலைவாசி அளக்கப்பட்டது.

இன்றைய சுட்டெண்கள் ஐ.நா. வகைப்படுத்தலைத் தழுவியவை. 1999ஆம் ஆண்டுப் பட்டியலில் நகையும் மணிக்கூடும் ‘பல்வகைப் பொருட்களும் சேவைகளும்’ என்ற 12ஆவது பிரிவுக்குள் ஒரே வகுப்பில் இருக்கின்றன. அங்கே ஒரு நிபந்தனையும் உண்டு. பெறுமதியைச் சேமித்து வைப்பதற்காக வாங்கும் பொன்னும் நகையும் நுகர்வில் சேராது.

இதை வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அம்மாவின் காப்பு அலங்காரமா, சேமிப்பா? கோயிலுக்குப் போகேக்க அலங்காரம். கம்பஸ் செலவுக்கு அடகு வைக்கேக்க சேமிப்பு. 1995 ஒக்டோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது காணியைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. காப்பைக் கழற்றிச் சீலைத் தலைப்பில் முடிந்துகொள்ள முடிந்தது. அந்த ஒரு சோடிக் காப்பை எந்தப் பிரிவில் பதிவது?

மணிக்கூட்டின் கதை நேர்மாறு. 1969 டிசம்பரில் செய்க்கோ நிறுவனம் யப்பானில் விற்பனைக்கு விட்ட முதலாவது குவாட்ஸ் கைக்கடிகாரத்தின் விலை 450,000 யென். அந்தக் காசுக்கு அங்கே ஒரு சின்னக் கார் வாங்கலாம். இருபது வருடத்துக்குள், 1989இல், அதே தொழில்நுட்பத்தோடு கசியோவின் பிளாஸ்டிக் மணிக்கூடு வந்தது. அது மாணவர்களின் கைக்கும் எட்டியது. பொன் ஏற, மணிக்கூடு இறங்க, இரண்டையும் ஒரே வகுப்பில் போட்டுச் சராசரி எடுத்தால் வருகிற எண் இரண்டில் எதன் கதையையும் முழுதாகச் சொல்லாது.

இனி 2022. ஓர் அவுன்ஸ் பொன் 31.1 கிராம். உலகச் சந்தையில் அவுன்ஸ் 1,800 டொலர் என்று வைத்தால், 8 கிராம் தூய பொன் ஏறத்தாழ 463 டொலர். டொலர் 200 ரூபாயாக இருந்தபோது அது 92,600 ரூபாய். மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு டொலர் 360 ஆனது. அதே பொன் 166,680 ரூபாய். உலகில் பொன் விலை ஒரு சதமும் ஏறவில்லை என்று வைத்தாலும் இங்கே 80 சதவீத ஏற்றம். செய்கூலியும் சேதாரமும் தனி. அந்த செப்டெம்பரில் கொழும்புச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம். 2023 செப்டெம்பரில் அது 1.3 சதவீதமாகக் குறைந்தது. விலை குறைந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. ஏறின விலைக்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏறியது என்றுதான் அர்த்தம்.

பொன் வைத்திருந்த வீட்டுக்கு இந்த ஏற்றம் ஒரு கவசம். பொன் வாங்க வேண்டிய வீட்டுக்கு, அதிலும் சீதனம் கேட்கப்படும் பெண் இருக்கிற வீட்டுக்கு, அதே ஏற்றம் கழுத்துச் சுருக்கு. சுட்டெண் இந்த இரண்டு வீட்டையும் பிரித்துக் காட்டாது.

அதனால் நாங்கள் ஒரு சின்ன வேலை தொடங்கியிருக்கிறோம். அம்மம்மாமாரிடம் பவுண் விலையைக் கேட்டுக் கொப்பியில் எழுதுகிறோம். பக்கத்தில் இன்னொரு கேள்வி: “அப்ப ஒரு நாள் கூலி எவ்வளவு?” விலையைக் கூலியால் வகுத்தால், ஒரு பவுணுக்கு எத்தனை நாள் உழைக்க வேண்டியிருந்தது என்பது வரும். நீங்களும் வீட்டில கேட்டுப் பாருங்கோ. சொல்ல ஆக்கள் இருக்கேக்கயே எழுதி வைக்க வேணும்.