லினக்ஸ் பொதிகளுக்கு வெளியார் இடும் பதிப்பெண்

டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வழங்கல்களின் உத்தியோகபூர்வக் களஞ்சியத்துக்கு வெளியே தனியாரோ குழுக்களோ கட்டித் தரும் மென்பொருள் பொதிகளுக்கு எண்ணிடும் மரபு. கட்டியவர் யார், உத்தியோகபூர்வப் பொதி வந்தால் இது வழிவிடுமா மறிக்குமா என்ற இரண்டையும் இந்த எண்ணே சொல்ல வேண்டும்.

இலங்கையில் கைக்கெட்டும் எடுத்துக்காட்டு, லங்கா லினக்ஸ் பயனர் குழுவின் சிங்கள எழுத்துரு. டெபியனில் அது 0.6-3 என்ற எண்ணில் வந்தது. 0.6 எழுத்துருவை ஆக்கியோர் இட்டது. கோட்டுக்குப் பின்னுள்ள 3 டெபியனின் பொதித் திருத்த எண். தமிழும் சிங்களமும் ஒரே படிவத்தில் வரும் திருகோணமலைப் பகுதியில், உப்புவெளி அச்சகம் ஒன்று அதில் ஓர் எழுத்தைத் திருத்தித் தன் கணினிகளுக்குப் பொதி கட்டுவதாகக் கொள்வோம். 0.6-4 என்று எண்ணிடுவது பிழை. டெபியனும் அதே எண்ணில் அடுத்ததை வெளியிட்டால் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. 0.6-3+1 என்றால் 0.6-3ஐ விடப் பெரிது, 0.6-4ஐ விடச் சிறிது. அடுத்த திருத்தம் வரும்வரை இருந்து, வந்ததும் தானே விலகும். கூட்டல் குறிக்குப் பின் கட்டியவரின் சுருக்கப் பெயரும் வேண்டும். அது இல்லாத பொதியை இன்னொருவர் கையில் கொடுப்பது முறையன்று.

அலைக்குறி (~) நேர்மாறு. வெறுமையையும்விடச் சிறியதாக அது கணிக்கப்படுவதால் 0.6-3~1 என்பது 0.6-3க்குக் கீழே நிற்கும். புதிய பதிப்பைப் பழைய வெளியீட்டுக்குக் கொண்டுவருவோர் இதையே நாடுகின்றனர். டெபியன் 12க்கான அத்தகைய பொதிகள் ‘~பிபிஓ12+1’ என்ற வாலோடு வருகின்றன. கணினி அடுத்த வெளியீட்டுக்கு மாறியதும் மூலப்பொதி அவற்றின் இடத்தைப் பிடிக்கிறது.

ஆர்பிஎம் என்ற பொதி வடிவைப் பயன்படுத்தும் வழங்கல்களில் வெளியீட்டு எண்ணுக்குப் பின் அடையாள எழுத்துகள் சேரும்: ஃபெடோராவுக்கு ‘எஃப்சி’, இப்போது செயற்படாத ஆர்பிஎம்ஃபோர்ஜ் என்ற வெளிக் களஞ்சியத்துக்கு ‘ஆர்எஃப்’ இருந்தது. இந்த எழுத்துகளும் ஒப்பீட்டில் சேருவதால், எண்கள் ஒத்துவிட்டால் அகரவரிசையே எது புதியதென்று முடிவுசெய்துவிடும்.

மிகவும் அஞ்ச வேண்டியது டெபியன் எண்ணின் முன்னொட்டு. முக்காற்புள்ளிக்கு முன் நிற்கும் இலக்கம் மற்ற எல்லாவற்றையும் வெல்லும். டெபியனின் எஃப்எஃப்எம்பெக் பொதியின் எண் 7: எனத் தொடங்க, வெளிக் களஞ்சியமான டெப்-மல்டிமீடியா 10: என இட்டது. நமது அச்சகமும் 1:0.6-3 என்றிட்டிருந்தால், 0.7 வந்தாலும் 0.9 வந்தாலும் கணினி பழையதையே புதியதென்று பிடித்துக்கொண்டிருக்கும். மீள்வதற்கு, ஒவ்வொரு கணினியிலும் அந்தப் பொதியை நீக்கி, உத்தியோகபூர்வப் பொதியை நிறுவ வேண்டும்.