வேர்களை நாடிய இசைத்தட்டு

நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதியிலே 1974ஆம் ஆண்டில் நான்கு இளைஞர் ஓர் இசைக்குழுவை அமைத்தனர். உடன்பிறந்தார் அல்லராயினும் நால்வரும் றமோன் என்னும் ஒரே குடும்பப்பெயரைச் சூடிக்கொண்டனர். குழுவும் றமோன்ஸ் என வழங்கலாயிற்று. அக்காலத்து றொக் இசை நீண்ட வாத்திய விரிவுகளிலே திளைத்திருந்தது. இவர்களோ இரண்டு நிமிட அளவிலே ஒரு பாட்டை முடித்தனர். 1976இல் வெளிவந்த முதல் இசைத்தட்டிலே 14 பாடல்கள். அனைத்தும் அரைமணி நேரத்துள் அடங்கின. பதிவுச் செலவு ஏறத்தாழ 6,400 டொலர். பங்க் றொக் என்னும் இசைவகைக்கு அதுவே முன்மாதிரியாயிற்று.

புகழ் வந்தது, பொருள் வரவில்லை. வானொலியின் ஆதரவை நாடிய குழுவினர், பெருந்தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டரிடம் சென்றனர். ஒரு பாட்டின் தொடக்கச் சுரக்கூட்டை மட்டும் கிற்றார் கலைஞர் ஜோனி மணிக்கணக்காக மீட்ட நேர்ந்தது. இரண்டு நிமிடப் பாட்டையே தொழிலாகக் கொண்டவருக்கு இது தண்டனையன்றி வேறென்ன? 1980இல் வெளியான அத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலிலே 44ஆம் இடத்தை எட்டியது. அதற்கு மேல் அக்குழு அங்கு ஒருபோதும் உயரவில்லை. அடுத்த இரு தட்டுகளும் மெருகேறியிருந்தனவேயன்றி வேகம் ஏறவில்லை.

1983 ஆகஸ்டில் ஜோனி தெருவிலே தாக்கப்பட்டார். மண்டையோடு பிளவுற்று, அறுவைச் சிகிச்சையின் பின்னரே உயிர் தப்பினார். மறு ஆண்டு வெளிவந்த தட்டு, ‘சாகாத வல்லமை’ எனப் பொருள்படும் தலைப்பைத் தாங்கியது. அதனைத் தயாரிக்க அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர் ரொமி. ஹங்கேரியிலே பிறந்த இவர் குழுவின் முன்னாள் மேளக்காரர். 1978இல் மேளத்தை விட்டு விலகியவர். ஆரவாரமற்ற அந்த இசையின் இரகசியத்தை அறிந்தவரையே குழுவினர் மீண்டும் தேடிச் சென்றனர்.

ஆயினும் அந்தத் திரும்புகை நேர்வழியில் அமையவில்லை. இவர்களைக் கேட்டு வளர்ந்த அமெரிக்க இளைஞர் இதற்குள் ‘ஹார்ட்கோர்’ என்னும் இன்னும் கடுகிய இசையைப் படைத்துவிட்டனர். டீ டீ பாடிய இரு பாடல்கள் அந்த இளையோரின் வேகத்தையே தழுவின. மாணாக்கரிடமிருந்து ஆசிரியர் தம் பாடத்தைத் திரும்பக் கற்றுக்கொண்டது போன்ற நிலை அது. இவற்றுக்கிடையே வானொலி ஆசையும் முற்றாக விட்டபாடில்லை. ஒரு பாட்டை மட்டும் ஆங்கிலேயரான டேவ் ஸ்ரூவாட் மின்னிசைப் பூச்சுடன் அமைத்தார். தட்டின் உறுதியான பகுதி அதுவன்று.

விமரிசகர் பாராட்டினர். விற்பனைப் பட்டியலிலோ 171ஆம் இடத்துக்கு மேல் அது ஏறவில்லை. குழுவினர் மீண்டும் மேடைக்குப் புறப்பட்டனர். 1996இல் கலையும்வரை அவர்கள் நடத்திய நிகழ்ச்சிகள் 2,263.